அரை மணி நேரத் தண்ணீர்: ஓமானின் ஃபலஜ் வாய்க்கால்களைக் காப்பது எது?

மஸ்கட்டிலிருந்து நிஸ்வா போகிற சாலையில், நிஸ்வாவுக்குக் கொஞ்சம் முன்னால், பிர்கத் அல்-மௌஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயருக்கு ‘வாழைக்குளம்’ என்று அர்த்தம். ஊருக்குப் பின்னால் நிற்பது ஜபல் அல்-அக்தர், அதாவது பச்சை மலை. அடிவாரத்திலிருந்து பார்த்தால் பச்சை எதுவும் தெரியாது, வெயிலில் வெந்த மொட்டைப் பாறைதான். ஆனால் ஊருக்குள் இறங்கினால் பேரீச்சை மரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின் நிழலில் வாழை, எலுமிச்சை, கால்நடைத் தீவனத்துக்குக் குதிரைமசால். நிழலுக்குள் நுழைந்ததும் காற்றே வேறு மாதிரி ஆகிவிடும்.

இத்தனைக்கும் தண்ணீர் தருவது ஃபலஜ் அல்-கத்மீன் என்ற ஒரே ஒரு வாய்க்கால். மலையடிவாரத்தில் பூமிக்கு அடியில் புறப்படும் தண்ணீர், ஊரின் தலைமாட்டில் வெளிச்சத்துக்கு வருகிறது. அங்கிருக்கும் பழைய கோட்டையை ஒட்டி ஓடி, பிறகு மூன்று சம கிளைகளாகப் பிரிகிறது. பிரிகிற இடத்தில் கொஞ்ச நேரம் குனிந்து பாருங்கள். கல்லும் காரையும் வைத்துக் கட்டிய மூன்று வாய்கள், அவ்வளவுதான். ஷட்டர் கிடையாது, மீட்டர் கிடையாது. அடித்தளத்தின் மட்டமும் வாயின் அகலமும் சரியாக இருப்பதால் தண்ணீர் தானாகவே மூன்றாகப் பிரிந்து போகிறது. ‘ஃபலஜ்’ என்ற அரபுச் சொல்லின் வேரே பங்கு போட்டுப் பிளப்பதைக் குறிப்பதுதான். வாய்க்காலுக்குப் பெயர் ஓட்டத்தை வைத்து வரவில்லை, பங்கை வைத்து வந்திருக்கிறது. இந்த வாய்க்கால்களைப் புரிந்துகொள்ள இந்தப் பெயரிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

2006ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஓமானின் ஐந்து ஃபலஜ்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பிர்கத் அல்-மௌஸின் அல்-கத்மீன், நிஸ்வாவின் தாரிஸ், இஸ்கியின் அல்-மல்கி, ருஸ்தாக்கின் அல்-முயஸ்ஸர், கிழக்கே சூர் பக்கம் மலைக்குள் இருக்கும் அல்-ஜீலா. கோயில், கோட்டை, அரண்மனை என்று நாம் பழகிப்போன பட்டியலில் ஊர்ப்புறத்து வாய்க்கால்களும் போய் உட்கார்ந்தன. ஆனால் வாய்க்காலைக் காப்பது கோட்டையைக் காப்பது மாதிரி இல்லை. கோட்டையில் யாருமே குடியிருக்காவிட்டாலும் சுவர் நிற்கும். வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டால் மிஞ்சுவது ஒரு வறண்ட பள்ளம். தண்ணீர் ஓடவேண்டும் என்றால் அதை யாராவது தினமும் பங்கு போட்டு எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஓமான் காப்பாற்றப் பார்ப்பது கல்லையும் காரையையும் மட்டுமல்ல, இந்தப் பங்குக் கணக்கையும் சேர்த்துத்தான்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஓமானில் ஆண்டு சராசரி மழை சுமார் 100 மில்லிமீட்டர். தமிழ்நாட்டுக்கு 900க்கும் மேல். வருஷம் முழுக்க ஓடும் ஆறு அங்கே கிடையாது. மலையில் மட்டும் சற்றுக் கூடுதலாக மழை விழும். அந்த மழை வாதி எனப்படும் காட்டாறுகளில் சில மணி நேரம் வெறிபிடித்த மாதிரி ஓடிவிட்டு, அடிவாரத்துச் சரளைக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். அந்தச் சரளைப் படுகைதான் அவர்களுடைய ஏரி. மேலே வெயில், ஆவியாகாமல் கீழே தண்ணீர்.

ஃபலஜ்களில் மூன்று வகை உண்டு. வாதியில் மேலோட்டமாக ஓடும் நீரைத் திருப்பிக்கொண்டு வருவது கைலி. எண்ணிக்கையில் பாதிக்கு அருகில் இந்த வகைதான், ஆனால் மழை தவறினால் முதலில் வற்றுவதும் இதுதான். ஊற்றிலிருந்து நேராக வருவது ஐனி. அல்-ஜீலா இந்த வகை. மூன்றாவது தாவூதி: பூமிக்கடியில் சுரங்கம் வெட்டி நிலத்தடி நீரைப் பிடித்துவருவது. பாரம்பரியப் பட்டியலில் உள்ள மற்ற நான்கும் தாவூதிதான்.

தாவூதி வெட்டுவது சாதாரண வேலை இல்லை. முதலில் மலையடிவாரத்தில் ஆழக் கிணறு தோண்டித் தண்ணீர் இருக்கிறதா, நிற்குமா என்று பார்ப்பார்கள். அதற்கு ‘உம் அல்-ஃபலஜ்’ என்று பெயர், ஃபலஜின் தாய். சில ஊர்களில் அது ஐம்பது மீட்டர் ஆழம்வரை போகும். தாய்க்கிணற்றில் நீர் உறுதியானதும், ஊர்ப்பக்கம் தண்ணீர் வெளிவர வேண்டிய இடத்திலிருந்து தாயை நோக்கிச் சுரங்கம் வெட்டிக்கொண்டு போவார்கள். வழியில் ஆங்காங்கே மேலிருந்து செங்குத்தாகக் குழி இறக்குவார்கள். மண்ணை வெளியேற்ற, உள்ளே காற்று வர, பின்னாளில் தூர் வார ஆள் இறங்க, எல்லாவற்றுக்கும் அந்தக் குழிதான் வழி. வானத்திலிருந்து பார்த்தால் பெரிய எறும்புப் புற்றுகளை வரிசையாக வைத்த மாதிரி இருக்கும்.

சரிவுதான் இதில் உயிர். சரிவு கொஞ்சம் அதிகமானால் ஓட்டம் தரையை அரித்துச் சுரங்கத்தைச் சரித்துவிடும். குறைந்தால் வண்டல் தங்கி அடைத்துக்கொள்ளும். கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டருக்குள் வாட்டம் வைத்து, இருட்டில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், ஒரு ஆள் குனிந்து நிற்கிற அளவு இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். இந்த வேலைக்கென்றே பெயர்பெற்றவர்கள் அவாமிர் என்ற இனக்குழுவினர். ஃபலஜ் வெட்டவும் பழுது பார்க்கவும் ஊர் ஊராக அவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

வாய்க்கால் வழியில் வாதி குறுக்கிட்டால் என்ன செய்வது? பாலம் கட்டினால் அடுத்த வெள்ளத்தில் போய்விடும். அதனால் இந்தக் கரையில் ஒரு தொட்டி மாதிரிச் செங்குத்தாகக் குழி எடுத்துத் தண்ணீரைக் கீழே இறக்கி, வாதியின் படுகைக்கு அடியிலேயே கொண்டுபோய், அந்தக் கரையில் இன்னொரு குழி வழியாக மேலே ஏற்றிவிடுகிறார்கள். தண்ணீர் தன் மட்டத்தைத் தானே தேடும் என்பதை வைத்துச் செய்த வேலை. மேலே வெள்ளம் புரண்டு ஓடும்போது, கீழே ஃபலஜ் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பூச்சுக்கு ‘சாரூஜ்’ என்ற காரை. களிமண்ணைப் பேரீச்சை மரக்கட்டைகளோடு அடுக்கிச் சுட்டு, இடித்துத் தூளாக்கி, சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்த்துக் குழைத்தால் நீர்கசியாத பூச்சு கிடைக்கும். செங்கல் பொடியும் சுண்ணாம்பும் கலந்து நம் ஊரில் சுர்க்கிக் காரை அரைத்தார்களே, கிட்டத்தட்ட அதே சங்கதி.

எவ்வளவு பழசு என்ற கேள்விக்கு ஊர்க்காரர்களிடம் ஒரு பதில் உண்டு. தாவூதின் மகன் சுலைமான் நபி ஓமானுக்கு வந்தாராம். நாட்டில் தண்ணீர் இல்லாததைப் பார்த்து, தன் ஜின்களை ஏவிப் பத்து நாளில் நாளுக்கு ஆயிரம் வீதம் பத்தாயிரம் வாய்க்கால்களை வெட்டவைத்தாராம். தாவூதி என்ற பெயரே அந்த வழியில் வந்ததாகச் சொல்வார்கள். ஈரானில் இதே நுட்பத்துக்குக் ‘கனாத்’ என்று பெயர் இருப்பதால், பாரசீகத்திலிருந்துதான் வந்தது என்ற கருத்து நீண்ட காலம் இருந்தது. பிறகு, ஓமான் எல்லையை ஒட்டிய அல்-ஐன் பகுதியில் கி.மு. 1000 வாக்கில் வெட்டிய ஃபலஜ்களைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தார்கள். அதனால் அந்தக் கருத்தை மறுபடியும் யோசிக்க வேண்டியதாயிற்று. இன்று ஓடும் ஃபலஜ்களின் தொடக்கம் கி.பி. 500 வரை போகலாம் என்றும், அந்த வறண்ட பகுதியில் நீர்ப்பாசனத்துக்கே கி.மு. 2500 வரை தடயம் இருக்கிறது என்றும் யுனெஸ்கோ சொல்கிறது.

வரலாற்றில் பெயர் தெரிந்த புரவலர் ஒருவரை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1692 முதல் 1711 வரை ஆண்ட யஅரூபி வம்சத்து இமாம் சைஃப் பின் சுல்தான். போர்த்துகீசியரோடு கடலில் மோதிய அதே ஆள், உள்நாட்டில் பதினேழு ஃபலஜ்களை வெட்டியும் செப்பனிட்டும் கொடுத்ததாகவும், ஆயிரக்கணக்கில் பேரீச்சையும் தென்னையும் வைத்ததாகவும் ஓமானிய வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

சரி, தண்ணீர் வெளியே வந்துவிட்டது. அப்புறம்? என் கண்ணுக்கு ஃபலஜின் பெரிய சாதனை இங்கேதான் தொடங்குகிறது.

தண்ணீர் முதன்முதலில் வெளிச்சத்துக்கு வரும் இடத்துக்கு ‘ஷரீஆ’ என்று பெயர். இஸ்லாமியச் சட்டத்தைக் குறிக்கும் அதே சொல்தான். பாலைவன அரபியில் அந்தச் சொல்லின் ஆதிப் பொருள் நீர்த்துறைக்குப் போகும் வழி என்பது. ஷரீஆவில் யாரும் வந்து குடிக்க மொண்டுகொள்ளலாம். ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்றில்லை, பங்கும் வேண்டாம். அதற்குக் கீழே ஆண்கள் குளிக்கும் இடம், பெண்களுக்கு மறைப்புக் கட்டிய குளியலிடம், பள்ளிவாசலில் கைகால் கழுவும் இடம், இறந்தவரைக் குளிப்பாட்டும் இடம் என்று வரிசையாக வரும். குடிநீருக்கு மேலே யாரும் இறங்கக்கூடாது. இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் தண்ணீர் தோட்டத்துக்குள் நுழைகிறது. அதுவரை அது எல்லோருக்கும் பொது, அந்த இடத்திலிருந்து அது தனிச்சொத்து.

தோட்டத்திலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பேரீச்சை மாதிரி நிலைத்து நிற்கும் மரங்கள். அவற்றுக்குக் கீழே, கடைமடையில், ‘அவாபி’ எனப்படும் திறந்த நிலம். கோதுமை, வெங்காயம், பூண்டு என்று ஒரு பருவப் பயிர்கள் அங்கேதான். நல்ல மழை வருஷத்தில் அவாபி முழுக்கப் பயிராகும். பஞ்சம் வந்தால் அவாபியைத் தரிசாக விட்டுவிட்டு மரங்களை மட்டும் காப்பாற்றுவார்கள். பூண்டு போனால் ஒரு பருவம்தான் நஷ்டம். பேரீச்சை போனால் மறுபடி காய்ப்புக்குக் கொண்டுவர வருஷக்கணக்கில் ஆகும். வறட்சிக்கு எந்த நிலத்தைக் கைவிட வேண்டும் என்பதை, வறட்சி வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, ஊரின் வரைபடத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள். கடைமடைக்காரன் கத்திக் கத்தித் தொண்டை வற்றும் ஊர்களிலிருந்து வருகிற எனக்கு, இதில் பொறாமையே உண்டு.

பங்கை லிட்டரில் அளப்பதில்லை, நேரத்தில் அளக்கிறார்கள். அடிப்படை அலகு ‘அதர்’, ஏறக்குறைய அரை மணி நேரம். நம் கணக்கில் ஒன்றேகால் நாழிகை. இருபத்து நான்கு அதர் சேர்ந்தால் ஒரு ‘பாத்தா’, அதாவது ஒரு பகல் அல்லது ஓர் இரவு. அதரையும் இருபத்து நான்காகப் பிரித்தால் ஒரு ‘கியாஸ்’, எழுபத்தைந்து நொடி. அப்படியொரு நுணுக்கம் எதற்கு என்றால், வாரிசுரிமைக்காக. தண்ணீர்ப் பங்கு நிலத்தோடு ஒட்டிய சொத்து இல்லை. அதைத் தனியாக விற்கலாம், குத்தகைக்கு விடலாம், பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொடுக்கலாம். நிலம் இருந்து தண்ணீர் இல்லாதவரும் உண்டு, தண்ணீர் இருந்து நிலம் இல்லாதவரும் உண்டு. தாத்தாவின் நான்கு அதர் மூன்று தலைமுறை பாகப்பிரிவினையில் சில நிமிடங்களாகச் சிறுத்துவிடும். அந்த நிமிடங்களுக்கும் கணக்கு வேண்டுமே.

எல்லோருக்கும் ஒரு சுற்று வந்து முடிவதற்கு ‘தவ்ரான்’ என்று பெயர். ஊருக்கு ஊர் இது மாறும். எட்டு நாள் சுற்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அதர் வைத்திருப்பவருக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் முழு வாய்க்காலும் சொந்தம். அந்த ஒரு மணி நேரத்தில் மற்ற எல்லா மடையும் அடைபட்டிருக்கும், அவர் மடை மட்டும் திறந்திருக்கும். அடைப்பதற்குக் கதவெல்லாம் இல்லை. மடையின் அளவுக்கு ஒரு கல், சந்துகளில் திணிக்கப் பழந்துணி. நேரம் முடிந்ததும் அடுத்தவர் வந்து கல்லைத் தூக்குவார். துணியை உருவியதும் தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு காய்ந்த மண்ணின் சருகுகளைத் தள்ளிக்கொண்டு பாத்திக்குள் ஓடும்.

நேரத்தை வைத்துப் பங்கு போடுவதில் இன்னொரு நியாயம் ஒளிந்திருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தாலும் அதர் அரை மணி நேரம்தான், கூடினாலும் அரை மணி நேரம்தான். அதற்குள் ஓடும் நீரின் அளவு மாறும், பங்கின் விகிதம் மாறாது. நல்ல வருஷத்தின் லாபமும் கெட்ட வருஷத்தின் நஷ்டமும் பங்குதாரர் எல்லோர் தலையிலும் ஒரே விகிதத்தில் விழுகிறது. அணையில் இவ்வளவு டிஎம்சி, அதில் எனக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்ட ஒப்பந்தங்கள் பஞ்ச வருஷத்தில் எப்படிச் சந்திக்கு வருகின்றன என்பது நமக்குத் தெரியும்.

கடிகாரம் வருவதற்கு முன் அரை மணி நேரத்தை எப்படி அளந்தார்கள்? பகலில் நிழற்கடிகாரம். திறந்த வெளியில் ஒரு கம்பம், தரையில் கோடுகளோ கற்களோ. கம்பத்தின் நிழல் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு நகர்ந்தால் ஓர் அதர் முடிந்தது. இரவில் நட்சத்திரம். இருபதுக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களையும் நட்சத்திரக் கூட்டங்களையும் பெயர் சொல்லி அடையாளம் வைத்திருந்தார்கள். எப்போதும் அதே இடத்தில் உட்கார்ந்து, எதிரிலிருக்கும் மலைமுகட்டுக்கு மேல் எந்த நட்சத்திரம் எட்டிப்பார்க்கிறது, எது ஒரு சுவருக்குப் பின்னால் மறைகிறது என்று பார்ப்பார்கள். ஒன்று எழுந்து அடுத்தது எழும்வரை எத்தனை அதர் என்பது மனப்பாடம். ‘துரையா’ என்று அவர்கள் சொல்வது நம் கார்த்திகைக் கூட்டம்தான். வானத்தை வைத்து ஊர்ப்பங்கைப் பிரித்த இந்த வழக்கம் சில ஊர்களில் சமீப காலம்வரை இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கைக்கடிகாரம் அதை ஓரம்கட்டியது. ஊருக்கு மின்விளக்கு வந்தபிறகு நட்சத்திரமும் மங்கிவிட்டது. ஆனால் கடிகாரம் பார்த்துத் திறந்தாலும் அவர்கள் இன்னும் பேசுவது அதர்க் கணக்கில்தான்.

இந்தக் கணக்கை நடத்த ஒரு சிறு நிர்வாகம் உண்டு. தலைவருக்கு ‘வக்கீல்’ என்று பெயர். நம் நீதிமன்றத்து வக்கீலும் இதே அரபுச் சொல்தான், ஒருவருக்காகப் பொறுப்பேற்று நிற்பவர். ஊர்ப் பெரியவர்கள் பார்த்துப் பொறுப்புக் கொடுப்பார்கள். பெரிய ஃபலஜ் என்றால் அவருக்குக் கீழே ‘அரீஃப்’கள் இருப்பார்கள். முறை தவறாமல் தண்ணீர் திரும்புகிறதா, சுரங்கத்திலும் வாய்க்காலிலும் உடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி செய்த வேலைதான் இது. பணக்கணக்குக்கு ஒருவர், ஏலம் விட ‘தல்லால்’ ஒருவர்.

ஏலம்தான் மொத்த ஏற்பாட்டின் அச்சாணி. பங்குகள் எல்லாம் தனியாருக்குப் போய்விடுவதில்லை. கொஞ்சம் அதர்கள் ஃபலஜுக்கே சொந்தம். இன்னும் கொஞ்சம் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் ஏழைகளுக்கும் வக்ஃப் செய்யப்பட்டவை. அந்த அதர்களைக் குறிப்பிட்ட நாளில் ஊர்கூடி ஏலம் விடுவார்கள். பங்கில்லாதவர், பங்கு போதாதவர், புதிதாகக் குதிரைமசால் விதைத்தவர் எல்லோரும் வந்து எடுப்பார்கள். கிடைக்கும் பணம் வாய்க்கால் பராமரிப்புக்கு. அதாவது வாய்க்கால் தன் தண்ணீரில் ஒரு பகுதியைத் தானே விற்று, அந்தக் காசில் தன்னைத்தானே தூர்வாரிக்கொள்கிறது. பெரிய வெள்ளத்தில் சுரங்கம் இடிந்து செலவு கைமீறினால், ஆளுக்கு எத்தனை அதரோ அந்த விகிதத்தில் வசூல். யாரிடமும் மனுக்கொடுத்துக் காத்திருக்கத் தேவையில்லாத இந்த ஏற்பாடு இருந்ததால்தான், அரசுகள் மாறி, போர்கள் வந்து, வம்சங்கள் அழிந்த பிறகும் ஃபலஜ் ஓடிக்கொண்டிருந்தது.

யுனெஸ்கோ இதைப் புரிந்துகொண்டுதான் பட்டியலிட்டிருக்கிறது. உலகப் பாரம்பரியத்துக்கான பத்து அளவுகோல்களில் ஓமான் ஃபலஜ்கள் தேறியது ஒன்றில் மட்டும், ஐந்தாவதில். கலையழகையோ கட்டடச் சிறப்பையோ பார்ப்பதில்லை அது. நிலத்தையும் நீரையும் ஒரு சமூகம் பயன்படுத்திய மரபைப் பார்ப்பது. பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் வாய்க்காலோடு சேர்த்து நிழற்கடிகாரங்களும் தண்ணீர் ஏலம் நடக்கும் கட்டடங்களும் பள்ளிவாசல்களும் வீடுகளும் இருக்கின்றன. வாய்க்காலைக் காவல் காக்கக் கட்டிய கோபுரங்களும் உண்டு. ஊரை முற்றுகையிடுகிறவன் முதலில் கைவைப்பது தண்ணீரில்தானே. பட்டியலிலுள்ள ஐந்தையும் காப்பதற்கென்று ஓமான் 2017இல் தனிச்சட்டமே கொண்டுவந்தது.

அதற்கு முன்பே வழக்கில் இருந்த பாதுகாப்பு ஒன்று உண்டு, ‘ஹரீம்’. ஃபலஜைச் சுற்றி, முக்கியமாகத் தாய்க்கிணற்றைச் சுற்றி, இவ்வளவு தூரத்துக்குள் வேறு யாரும் கிணறு வெட்டக்கூடாது என்ற எல்லை. இஸ்லாமிய நீர்ச்சட்டத்தில் நெடுங்காலமாக இருக்கும் கருத்து, இன்றைய அரசின் கிணற்று விதிகளுக்குள்ளும் அது வந்துவிட்டது. சினிமாவில் வரும் கோட்டைக்குச் சுற்றுச்சுவர் எப்படியோ, வாய்க்காலுக்கு ஹரீம் அப்படி. ஆனால் இது கண்ணுக்குத் தெரியாத சுவர்.

ஏன் இது இவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டும். ஃபலஜ் புவியீர்ப்பில் மட்டும் ஓடுவது. நிலத்தடி நீர்மட்டம் சுரங்கத்தின் வாய்க்கு மேலே இருக்கும்வரைதான் தண்ணீர் அதற்குள் வடியும். மட்டம் இறங்கினால் ஓட்டம் தானாகக் குறையும். சேமிப்பைக் காலி செய்யும் அளவுக்கு எடுக்க அதனால் முடியவே முடியாது. பம்பு வைத்த ஆழ்குழாய்க் கிணற்றுக்கு அந்த வரம்பு இல்லை, அது துரத்திக்கொண்டு கீழே போகும். 1970களுக்குப் பிறகு எண்ணெய்ப் பணமும் டீசல் பம்பும் ஓமான் கிராமங்களுக்கு வந்தபோது, பம்புக்கும் ஃபலஜுக்கும் ஒரே நிலத்தடி நீரில் போட்டி வந்தது. அந்தப் போட்டியில் ஃபலஜ் ஜெயிக்க வழியே இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் போட்ட பம்பு, முந்நூறு பேரின் அதர்களைச் சத்தமில்லாமல் உறிஞ்சிவிடும். பாத்தினா கடற்கரைச் சமவெளியில் கிணறுகள் அளவுக்குமீறி இறைத்ததில் கடல்நீரே உள்ளே புகுந்து நிலம் உப்பாகிப்போன பகுதிகள் இருக்கின்றன.

1990களின் கடைசியில் அரசு நாடு முழுக்க ஃபலஜ்களைக் கணக்கெடுத்தது. மொத்தம் 4,112. அதில் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தவை 3,017. மிச்சமிருக்கும் ஆயிரத்துச் சொச்சம் செத்துவிட்டவை. ஐந்து ஃபலஜைப் பட்டியலில் ஏற்றியது நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஐந்தும் மூவாயிரத்தின் பிரதிநிதிகள், யுனெஸ்கோவும் அப்படித்தான் சொல்கிறது. மூவாயிரமும் வற்றி இந்த ஐந்து மட்டும் ஓடினால் அதைப் பாதுகாப்பு என்று நான் சொல்லமாட்டேன். நிலத்தடி நீர்மட்டம் இறங்குவதைத்தான் யுனெஸ்கோவும் முதல் ஆபத்தாகக் குறிப்பிடுகிறது. அரசும் சும்மா இருக்கவில்லை. நிஸ்வா பக்கத்து வாதி தனூஃபில் இருப்பது மாதிரி, வெள்ளத்தைத் தடுத்து நிறுத்திச் சரளைக்குள் இறக்கிவிடும் செறிவூட்டு அணைகளைக் கட்டியிருக்கிறது. அணையில் தண்ணீர் தேங்கி நிற்பது அங்கே நோக்கம் இல்லை, சீக்கிரம் மண்ணுக்குள் காணாமல் போகவேண்டும்.

இரண்டாவது ஆபத்து ஆட்கள். பேரீச்சை விற்றுக் குடும்பம் நடத்த முடியாத காலம் வந்ததும் பிள்ளைகள் மஸ்கட்டுக்கு அரசு வேலைக்குப் போனார்கள். தோட்ட வேலையை இன்று பெரும்பாலும் வங்கதேசத்திலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் போனவர்கள் செய்கிறார்கள். எந்த நேரத்துக்கு எந்தக் கல்லைத் தூக்க வேண்டும் என்று பல தோட்டங்களில் இப்போது தெரிந்து வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். முறை மாறாமல் மடை திறந்து நிற்கும் அவர்களுக்கும் இந்தப் பாரம்பரியத்தில் ஒரு பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன், ஏட்டில் அவர்கள் பெயரில் ஓர் அதர்கூட இல்லாவிட்டாலும். சுரங்கத்துக்குள் இறங்கத் தெரிந்தவர்களும் குறைந்துவருகிறார்கள். நிஸ்வா பல்கலைக்கழகத்தில் ஃபலஜ் ஆய்வுக்கென்றே யுனெஸ்கோ இருக்கை ஒன்று அமைத்திருப்பது இதற்கு உதவலாம்.

மூன்றாவது விஷயம் கொஞ்சம் சங்கடமானது: உதவி செய்வதால் வரும் கேடு. அரசு பணம் ஒதுக்கி வாய்க்கால்களைச் சிமென்ட்டில் பூசிக் கொடுத்தது. கசிவு நின்றது, பார்க்கவும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் சாரூஜ் சுடத் தெரிந்த கைகளுக்கு வேலை போனது. அதைவிட, செலவை வேறு யாரோ ஏற்றுக்கொள்ளும்போது ஏலத்துக்கு வந்து நிற்கும் கட்டாயம் தளர்கிறது. நம் ஊரில் குடிமராமத்து எப்படித் தேய்ந்தது என்பதை நினைத்தால் இதன் போக்கு புரியும். ஏரி ஊருடையது என்ற நிலை மாறி அரசாங்கத்துடையது என்று ஆனதும், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் காரணம் இல்லாமல் போனது. ஓமானில் அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை. வக்கீல் இருக்கிறார், பங்கேடு இருக்கிறது, பல ஊர்களில் ஏலமும் நடக்கிறது. பெரிய பழுதுக்கு அரசு, அன்றாட முறைக்கு ஊர் என்று ஒரு பிரிவினை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த தலைமுறைக்கு ஃபலஜ் போய்ச் சேரும்.

நிஸ்வாவில் ஃபலஜ் தாரிஸ் வெளியே வரும் இடத்தில் இப்போது ஒரு பூங்கா இருக்கிறது. நம்மவர்கள் நிஸ்வா போனால் கோட்டையையும் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் இங்கேயும் ஒதுக்கலாம். படிகளில் இறங்கித் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்தால், விரல்நுனி அளவு மீன்கள் வந்து பாதத்தைக் கொத்தும். பிள்ளைகள் ஒரு பக்கம் குதித்துக் கும்மாளம் போடுவார்கள். இங்கே யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, இது இன்னும் பொதுத்தண்ணீர். கொஞ்ச தூரம் போனதும் தோப்புக்குள் நுழைந்துவிடும். அந்த நேரத்து அதர் யாருடையதோ அவர் கல்லைத் தூக்கிவைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார்.